காலேஜ் வாலிபர்களும் நியாய புத்தியும்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், காலேஜில் வாசிக்கும் வாலிபர்களுடைய குணத்தைப் பற்றியும், நியாயம் இன்னது, அநியாயம் இன்னது என்பதை அவர்கள் எப்படி யோசித்து முடிவு செய்கின்றார்கள் என்பதைப் பற்றியுமாகும். நாம் காலேஜில் வாசித்தவர்களல்ல. கிடைத்த புத்தகங்களை அகராதியும் கையுமாக வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டவர்களேயாவோம். ஆனாலும், பிள்ளையைப் பெற்று, நகையை அடகு வைத்துச் சம்பளங் கட்டிக் காலேஜுக்கு அனுப்புகின்றவர்கள் நம்மைப் போன்றவர்களேயாதலால், அங்கு போன பிள்ளை என்னவாகித் திரும்புகிறான் என்று விசாரிக்க நமக்குப் பூரண பாத்தியதை உண்டு.

இந்த விஷயத்தில் நம் ஜனங்களுக்குள் இரண்டு அபிப்பிராயங்கள் வெகு பலமாய் இருந்து வருகின்றன. ஒன்று, "காலேஜுக்குப் போகிற வரைக்கும் பையன் தங்கமாய் இருந்தான், கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான், இப்போது எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று எதிர்த்துப் பேசுகிறான், படிப்பு அவனைக் கெடுத்துவிட்டது" என்று தகப்பன்மார் சொல்லிக்கொள்வது. மற்றொன்று, "கடவுள் பயம் போய்விட்டது, அதனால் ஒழுக்கமும் போய்விட்டது, காலேஜில் வேதபாடம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று புரோகிதர்களும் பாதிரிகளும் மவுல்விகளும் ஒரே குரலில் சொல்லுவது. வேறு எந்தக் காரியத்திலும் ஒன்றுபடாத இவர்கள் இந்த ஒரு காரியத்தில் மாத்திரம் ஒற்றுமைப்படுவதைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டாகத்தான் செய்கின்றது. (சிரிப்பு)

தோழர்களே! இவ்விரண்டும் தொண்டை வலிக்கப் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதிகளல்ல. சோதித்துப் பார்க்கக் கூடியவை. சோதித்தும் பார்த்திருக்கின்றார்கள். பெரும்பாலும் அமெரிக்காவில்தான் பார்த்திருக்கின்றார்கள். மனோதத்துவ ஆசிரியர்களுக்குச் சோதனை செய்ய மனிதர்கள் வேண்டும். அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர்களோ மாணவர்கள். ஆகவே உழவனைப் பற்றியும் தொழிலாளியைப் பற்றியும் தெரிந்ததைவிடக் காலேஜ் பிள்ளையைப் பற்றித்தான் மனோதத்துவக்காரர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கின்றது. அது எப்படியோ போகட்டும். இன்றைக்கு அது நமக்கு உபயோகமாகவே இருக்கின்றது.

முதலாவதாக, ஒழுக்கம் என்றால் என்ன என்பதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் ஒழுக்கமுள்ள பிள்ளை என்றால் சொன்னபடி கேட்கின்ற பிள்ளை என்றுதான் அர்த்தம் செய்யப்பட்டு வருகின்றது. சொன்னபடி கேட்பதுதான் ஒழுக்கமென்றால், வண்டியிலே பூட்டின மாட்டைவிட ஒழுக்கமுள்ளது வேறு எது இருக்கின்றது என்று கேட்கின்றோம். மாட்டை நாம் குறை சொல்லவில்லை. அதற்கு இந்தப் பக்கம் ஏன் போக வேண்டும் என்று கேட்க வாயில்லை. வாயுள்ள மனிதனையும் அந்த ஸ்தானத்திலேயே வைத்து, அதற்கு ஒழுக்கம் என்று பெயரும் கொடுப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

இந்த இடத்தில் லாரன்ஸ் கோல்பெர்க் என்கின்ற ஒரு மனோதத்துவ ஆசிரியர் செய்த வேலையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அவர் 1958ல் சிக்காகோ சர்வகலாசாலையில் பட்டத்திற்காக ஓர் ஆராய்ச்சி செய்தார். பத்து, பதிமூன்று, பதினாறு வயதுள்ள 72 பையன்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து அவர்களுக்குச் சில கதைகள் சொன்னார். அவற்றில் ஒன்று பிரசித்தமானது. ஐரோப்பாவில் ஒரு ஊரில் ஹைன்ஸ் என்பவனுடைய பெண்சாதி புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்கக் கூடிய மருந்து அவ்வூர் மருந்துக் கடைக்காரன் ஒருவனிடம்தான் இருக்கின்றது. செய்வதற்கு 200 டாலர் பிடித்த மருந்துக்கு அவன் 2,000 டாலர் விலை சொல்லுகிறான். ஹைன்ஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் வாங்கியும் 1,000 டாலர்தான் சேர்ந்தது. குறைத்துக் கொடு, அல்லது பாக்கியைப் பிறகு வாங்கிக்கொள் என்று கெஞ்சினான். கடைக்காரன், "நான் கண்டுபிடித்த மருந்து, நான் பணம் சம்பாதிக்கத்தான் போகிறேன்" என்று சொல்லிவிட்டான். இரவில் ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தை எடுத்துக்கொண்டான். அப்படிச் செய்யலாமா, கூடாதா என்பது கேள்வி.

கோல்பெர்க் கவனித்தது செய்யலாம் என்றானா, கூடாது என்றானா என்பதையல்ல. அதற்குச் சொன்ன காரணம் என்ன என்பதைத்தான் கவனித்தார். அதைக் கொண்டு ஆறு படிகள் வகுத்தார். முதற்படிக்காரன், "எடுக்கக்கூடாது, எடுத்தால் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான்" என்பான். இரண்டாம் படிக்காரன், "பெண்சாதி செத்துவிட்டால் அவனுக்குச் சோறாக்கிப் போடுவது யார்? எடுக்கத்தான் வேண்டும்" என்பான். மூன்றாம் படிக்காரன், "எடுக்காவிட்டால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? நல்ல புருஷன் செய்கின்ற காரியமா இது?" என்பான். நான்காம் படிக்காரன், "சட்டம் சட்டந்தான், ஆளுக்காள் மீறினால் நாடு என்னவாகும்?" என்பான். ஐந்தாம் ஆறாம் படிக்காரர்களோ, சட்டத்தையே நிறுத்தி வைத்து அதைக் கேள்வி கேட்பார்கள். "சட்டம் எதற்காக ஏற்பட்டது? மனித உயிரைக் காப்பதற்கா, கடைக்காரன் பெட்டியைக் காப்பதற்கா? அந்தப் பெண் அவனுக்குப் பெண்சாதியாயில்லாமல் வழியில் போகிற அந்நியளாயிருந்தாலும் அவளுக்கு உயிர்தானே?" என்று போகும் அவர்கள் யோசனை.

இப்போது நம் சமாசாரத்திற்கு வாருங்கள். நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை இருக்கின்றது, ஆகையால் திருடாதே என்று சொல்லிக் கொடுப்பது எந்தப் படி? முதற்படி. அன்னதானம் செய்தால் மேல் லோகத்தில் இடம் கிடைக்கும் என்பது? வட்டிக்குக் கொடுப்பது போன்ற இரண்டாம் படி. "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்பதுதான் நம் வீடுகளிலெல்லாம் காலை முதல் இரவு வரை ஓதப்படுகிற மந்திரம், அது மூன்றாம் படி. ஆகவே, தங்கமான பிள்ளை, கோட்டைத் தாண்டாத பிள்ளை என்று தகப்பன்மார் கொண்டாடுகின்றார்களே, அந்தப் பிள்ளை ஆறு படி ஏணியில் மூன்றாம் படியில் நிற்கிறான். அவனை அங்கேயே கட்டிப் போட வேண்டுமென்பதுதான் இவர்கள் ஆசை!

காலேஜ் படிப்பு பிள்ளைகளை இந்த ஏணியில் ஏற்றுகின்றதா, இறக்குகின்றதா? அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ரெஸ்ட் என்பவர் 1970களில் ஒரு பரீட்சை தயார் செய்தார். ஒரு தர்மசங்கடமான கதையைக் கொடுத்து, அதைத் தீர்க்க எந்தெந்த யோசனை முக்கியம் என்று குறிக்கச் சொல்லுவது. மேற்படி யோசனைகளுக்கு எவ்வளவு முக்கியம் கொடுத்தான் என்பதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்கு. சிறு பிள்ளைகளின் நடுத்தரப் பள்ளியில் சராசரி இருபது சில்லறை, உயர்தரப் பள்ளியில் முப்பது சில்லறை, காலேஜில் நாற்பது சில்லறை, அதற்கு மேல் படிப்பவர்களிடம் ஐம்பது சில்லறை என்று ஏறிக்கொண்டே போனதைக் கண்டார். வயது ஏறுவதால் ஏறுகிறதோ என்றால் அதுவுமல்ல. பள்ளிப் படிப்போடு நின்றவர்களையும் காலேஜுக்குப் போனவர்களையும் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்ததில், போனவர்கள் ஏறினார்கள், நின்றவர்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஆனால் காலேஜ் கட்டடத்திற்குள் நுழைந்து வந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மோஷே பிளாட் என்பவர் கோல்பெர்க்கோடு சேர்ந்து செய்த சோதனையில், ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இப்படிப்பட்ட கதைகளை வைத்துப் பிள்ளைகளையே ஒருவரோடொருவர் வாதாட விட்ட வகுப்புகளில் படி ஏறினதாகக் கண்டார்கள். தன்னைவிட ஒரு படி மேலாக யோசிக்கிறவனோடு மோதும்போது ஏறுகின்றது. ஆகவே ஏற்றுவது வாதம். நோட்டுப் புத்தகத்தை உருப்போட்டுப் பரீட்சைத் தாளில் கக்கிவிட்டு வருவதற்குக் காலேஜ் என்று பெயர் வைத்திருக்கும் இடங்களில் எந்தப் படி ஏறும் என்று எதிர்பார்ப்பது? பையன் வீட்டுக்கு வந்து எதிர்த்துப் பேசுகின்றான் என்றால், அங்கு ஏதோ கொஞ்சமாவது வேலை நடந்திருக்கின்றது என்று தகப்பனார் சந்தோஷப்படவல்லவா வேண்டும்!

மற்றொரு சங்கதி. நன்றாய்ப் படிக்கிற பிள்ளைகளில் சிலர் காலேஜில் இரண்டாவது மூன்றாவது வருஷத்தில், "நியாயமாவது அநியாயமாவது! அவனவனுக்கு எது சரியோ அதுதான் சரி" என்று பேச ஆரம்பிக்கிறார்கள். பெற்றோர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். கோல்பெர்க்கும் கிராமரும் 1969ல் இதைப்பற்றி எழுதும்போது, இவர்கள் இரண்டாம் படிக்குச் சறுக்கிவிட்டார்கள் என்றும், ஆனாலும் இருபத்தைந்து வயதுக்குள் திரும்ப மேலே ஏறிவிடுகிறார்கள் என்றும் எழுதினார்கள். பிற்பாடு கோல்பெர்க் தம் கணக்கை மாற்றிக்கொண்டு, அது சறுக்கலல்ல, நான்காம் படியை விட்டு ஐந்தாம் படியைப் பிடிக்காமல் நடுவில் நிற்கிற நிலை என்று சொன்னார். ஊர்ச் சட்டமும் சாதிச் சட்டமும் யாரோ செய்தவை என்று கண்டுகொண்டவன், அவற்றை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் தடுமாறுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் அவனை அடித்துப் பழைய படிக்குத் துரத்துவதுதான் அக்கிரமம்.

இந்த ஏணியையும் நாம் வேதமாய் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 72 பையன்களை வைத்துச் செய்தார் என்று சொன்னோமல்லவா? அதில் ஒரு பெண்ணாவது உண்டா? கிடையாது. ஆண் பிள்ளைகளை அளந்து கோல் செய்துகொண்டு, பிறகு அதனாலேயே பெண்களையும் அளந்து, அவர்கள் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று சொன்னால் அது என்ன நியாயம்? அவரோடு ஹார்வர்ட் சர்வகலாசாலையில் வேலை செய்த கரோல் கில்லிகன் என்கின்ற அம்மையாரே 1982ல் புத்தகம் எழுதி இதைக் கண்டித்தார். உரிமை, சட்டம் என்று பேசுவது போலவே, பிறருக்குப் பொறுப்பாயிருப்பது, ஒருவரையும் கைவிடாமலிருப்பது என்று யோசிப்பதும் நியாயத்தின் ஒரு வழியே என்பது அந்தம்மையார் கட்சி. 1984ல் வாக்கர் என்பவர் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, படிப்பும் உத்தியோகமும் சமமாயிருந்த இடங்களில் ஆண் பெண் வித்தியாசமே பெரும்பாலும் காணப்படவில்லை. அதாவது, பெண்ணை வீட்டில் பூட்டி வைத்து, பிறகு அவளுக்கு அறிவில்லை என்று சொல்லுகிற பழைய கதைதான் இதிலும்! தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியே 27 நாடுகளில் நடந்த 45 ஆராய்ச்சிகளை ஸ்னேரி என்பவர் 1985ல் தொகுத்தார். கிராமங்களில் மேற்படிக்காரர்கள் காணப்படவில்லை, பட்டணங்களில்தான் காணப்பட்டார்கள் என்று கண்டு, இது கிராமத்தானுடைய குறையா, கோலினுடைய குறையா என்று அவரே கேட்டார். பட்டணத்துப் படிப்பாளி பேசுகிற மாதிரி பேசினால்தான் மார்க்கு என்றால், தண்ணீர்ப் பங்கை ஒருவருக்கும் நஷ்டமில்லாமல் தீர்த்து வைக்கிற கிழவனாருக்கு மார்க்கு எங்கிருந்து வரும்? ஆகவே ஏணியை ஒரு சவுகரியத்துக்காக வைத்துக்கொள்ளுவோம். ஏணியை அளந்து பார்க்கவும் நமக்கு உரிமை உண்டு.

நிற்க. இனிக் குணத்தைப் பற்றிச் சொல்லுவோம். எப்படிப்பட்ட சுபாவமுள்ள பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான், அவன் செய்கை எப்படி? இதற்கு ஒரு நல்ல சோதனை தானாகவே வந்து வாய்த்தது.

1964ம் வருஷக் கோடையில் அமெரிக்காவின் தென்பகுதியான மிசிசிப்பிக்கு அநேக மாணவர்கள் போனார்கள். கறுப்பு மக்களை ஓட்டர் பட்டியலில் பதிய வைப்பதற்காகப் போனார்கள். அங்கே உதையும் பட்டார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலையில் வாசித்தவர்கள். அவர்களும் மற்றவர்களும் சர்வகலாசாலை வாயிலண்டை மேஜை போட்டுக்கொண்டு துண்டுப் பிரசுரம் கொடுப்பதும், இந்த வேலைக்குப் பணம் வசூலிப்பதுமாய் இருந்தார்கள். செப்டம்பரில் அதிகாரிகள் அது கூடாதென்று உத்தரவு போட்டார்கள். மாணவர்கள் கேட்கவில்லை. கடைசியாக டிசம்பர் 2ந் தேதி ஸ்புரோல் ஹால் என்கின்ற ஆபீஸ் கட்டடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய 800 பேர் கைது செய்யப்பட்டார்கள். சில நாளைக்கெல்லாம், டிசம்பர் 8ந் தேதி, ஆசிரியர்கள் சபை கூடி, பேச்சின் பொருளுக்குச் சர்வகலாசாலை தடை போடக் கூடாது என்று 824 ஓட்டுக்கு 115 ஓட்டாகத் தீர்மானித்தது.

அந்தச் சமயத்தில் நார்மா ஹான் என்கின்ற அம்மையாரும், ஸ்மித், பிளாக் என்கின்ற இரண்டு ஆசிரியர்களும், கைதானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும், வேறு காலேஜ் மாணவர்களுக்குமாகச் சேர்த்துத் தொள்ளாயிரம் பேருக்கு மேல் கோல்பெர்க் கதைகளைக் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். அதோடு நீ எப்படிப்பட்டவன், எப்படி ஆக ஆசைப்படுகிறாய், உன் தாய் தகப்பனோடு உனக்கு எப்படி என்றும் கேட்டார்கள். 1968ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குச் சற்று மேற்பட்டவர்களைத்தான் இன்ன படி என்று துணிந்து சொல்ல முடிந்ததாம். மனிதன் என்ன, தராசுத் தட்டில் வைக்கிற புளியா?

என்ன கண்டார்களென்றால், மூன்றாம் நான்காம் படிக்காரர்கள், தங்களைப் பழக்க வழக்கத்தை அனுசரிப்பவர்கள், ஒழுங்குள்ளவர்கள், காரியத்தில் கண்ணுள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். பெற்றோர்களோடு இவர்களுக்குச் சச்சரவில்லை. மறியலில் போய் உட்கார்ந்தவர்களில் இவர்கள்தான் மிகக் குறைவு. மேற்படிக்காரர்களோ, பிறர் துன்பம் தங்களைத் தைப்பதாகவும், மனதிலுள்ளதை வெளியில் சொல்லுபவர்களாகவும், எதிர்த்து நின்று வாழத் துணிந்தவர்களாகவும் தங்களை வர்ணித்துக்கொண்டார்கள். பெற்றோர்களின் அரசியலுக்கும் இவர்களுடையதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கைதானவர்களில் இவர்கள் விகிதம் அதிகம். ஆக, வீட்டில் நல்ல பிள்ளை, அநியாயம் நடக்கும் இடத்தில் வாய்மூடிப் பிள்ளை! வீட்டில் எதிர்த்துப் பேசுகிற பிள்ளைதான், கறுப்பு மனிதனுக்காகப் பேச இடமில்லை என்ற உத்தரவை எதிர்த்துப் போய் உட்கார்ந்தது.

இதில் நமக்குக் கசப்பான பாகமும் ஒன்று உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். "எனக்கு என்ன லாபம்" என்கின்ற இரண்டாம் படிக்காரர்களிலும் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். என்னை எவன் கேட்பது என்பதற்காகவே போனவர்கள் அவர்கள். ஆகவே எதிர்த்து நிற்கிறவனெல்லாம் நியாயஸ்தன் என்று மாலை போட்டுவிடக் கூடாது. ஏன் எதிர்த்தாய் என்று அவனையும் கேட்க வேண்டும். நம் கூட்டங்களுக்கு வருகிற வாலிபர்களுக்கும் இதைச் சொல்லுகின்றோம். புரோகிதனைத் திட்டினால் கை தட்டுவார்கள் என்பதற்காகத் திட்டுகிறவன் நிற்பதும் அதே மூன்றாம் படிதான்.

இனி, வேதபாடம் வைத்தால் ஒழுக்கம் வந்துவிடும் என்கின்ற இரண்டாவது அபிப்பிராயத்திற்கு வருவோம். இதற்குப் பிரின்ஸ்டன் என்கின்ற ஊரில் பாதிரியாருக்குப் படிக்கும் காலேஜ் மாணவர்களை வைத்து டார்லி, பாட்சன் என்கின்ற இருவர் செய்த சோதனையைக் கேளுங்கள். 1973ல் அச்சில் வந்தது.

கிறிஸ்தவ வேதத்தில் நல்ல சமாரியன் கதை என்று ஒன்று உண்டு. கள்ளர்கள் அடித்துப் போட்டு வழியில் கிடக்கிற ஒருவனைக் குருக்களும் கோவில் ஊழியக்காரனும் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார்கள். தாழ்வாக நினைக்கப்பட்ட சமாரியன்தான் நின்று காப்பாற்றுகிறான். நல்ல கதைதான், நமக்கு அதில் ஆட்சேபணையில்லை. குருக்களுடைய யோக்கியதையை அந்த வேதக்காரரே அப்போதே கண்டுகொண்டிருக்கிறார்! (சிரிப்பு) சோதனைக்காரர் மாணவர்களில் சிலரிடம், "அடுத்த கட்டடத்தில் போய் இந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்றார்கள். மற்றவர்களிடம், பாதிரிப் படிப்புக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதோடு, சிலரிடம் நேரம் நிறைய இருக்கின்றது என்றும், சிலரிடம் இப்போதே போனால் சரியாயிருக்கும் என்றும், சிலரிடம் ஐயோ, நேரமாகிவிட்டது, உமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். போகிற சந்தில் ஒரு கதவோரத்தில் ஒருவன் தலையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து கிடந்தான். ஆள் கடந்து போகையில் இருமி முனகினான். அவனும் அவர்கள் வைத்த ஆள்தான்.

40 பேரில் 16 பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நேரமிருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர். நடுத்தரக்காரர்களில் 45 பேர். அவசரக்காரர்களில் பத்தே பேர். சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போனதற்கும் உத்தியோகத்தைப் பற்றிப் பேசப் போனதற்கும் உறுதியாய்ச் சொல்லக்கூடிய வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லை. விழுந்து கிடந்தவனுக்கு உதவின கதையைப் பிரசங்கம் செய்யப் போன அவசரத்தில், விழுந்து கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள்! அவர்களுடைய பக்தி எப்படிப்பட்டது என்றும் முன்னதாகவே கேள்விகள் போட்டு அளந்து வைத்திருந்தார்கள். மோட்சத்துக்கான பக்தியா, பக்திக்காகவே பக்தியா, தேடுகிற பக்தியா என்றெல்லாம். அதில் எதைக் கொண்டும், இவன் நிற்பான், இவன் நிற்கமாட்டான் என்று சொல்ல முடியவில்லை.

பாதிரிப் பிள்ளைகளை ஏளனம் செய்வதற்கு மாத்திரம் இதை நாம் சொல்லவில்லை. நிற்காமல் போனவர்களில் பலர் அடுத்த கட்டடத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது மனம் கலங்கினவர்களாய்க் காணப்பட்டார்கள் என்றும் அவர்கள் எழுதியிருக்கின்றார்கள். அவர்கள் கல் நெஞ்சரல்ல. காத்திருப்பவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், முனகுகிறவன் ஒரு பக்கம் என்று இழுக்கப்பட்டு, மேலதிகாரி இட்ட அவசரத்திற்கே அடங்கிப் போனவர்கள். வேதத்திற்குப் பதிலாகப் பகுத்தறிவுப் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறவனை அதே சந்தில் அதே அவசரத்தில் அனுப்பினால் அவன் மாத்திரம் நின்றிருப்பான் என்று சொல்ல நமக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, மகள் கலியாணமென்றதும் "முகூர்த்தத்துக்கு நாளில்லை, சொந்தத்திலேயே பார்த்துவிட்டோம்" என்று சொல்லுகிறவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் சொல்லுகின்றோம். 2008 நவம்பர் 12ந் தேதி சென்னையில் அம்பேத்கர் பெயரால் வழங்கும் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியாய்ப் பிரிந்து தடியாலும் இரும்பாலும் தாக்கிக்கொண்டதையும், கீழே விழுந்து அசைவற்றுக் கிடந்தவனையும் விடாமல் அடித்ததையும், போலீசார் பார்த்துக்கொண்டு நின்றதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சுவரொட்டி ஒன்றில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை விட்டு அச்சிட்டதிலிருந்து மூண்டது அது. அடித்தவர்கள் படித்துக்கொண்டிருந்தது சட்டம்! பரீட்சையில் கேட்டால் அரசியல் சட்டத்தின் 14, 15, 17வது பிரிவுகளைத் தவறாமல் எழுதக் கூடியவர்கள். கதை சொல்லிக் காரணம் கேட்டிருந்தால் எத்தனை பேர் உயர்ந்த பதில் சொல்லியிருப்பார்களோ தெரியாது. தடியைத் தூக்கின கையை நடத்தினது "நம்மவன்" என்கின்ற மூன்றாம் படி. அதற்கு முன்னாலேயே, 1996ல் ஒரு வைத்தியக் கல்லூரி மாணவன் மேல்வகுப்பு மாணவனால் கொல்லப்பட்டு, 1997ல் ராகிங்கைத் தடுக்க நம் மாகாணத்தில் சட்டம் செய்ய வேண்டி வந்தது. உயிர் காக்கும் படிப்பு படிக்கிற இடத்தில் அப்படி நடந்தது.

இதிலிருந்தெல்லாம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? காரணம் கேட்கின்ற புத்தி வேண்டும், அது தானாய் வராது, வாதாட விட்டால்தான் வரும் என்பது ஒன்று. அந்தப் புத்தி வந்த பிறகும், அவசரமும், கூட்டமும், அதிகாரமும் சேர்ந்து அழுத்தினால் கால் வேறு பக்கம் போய்விடும் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காலேஜ் வாத்தியாரைக் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு நாம்தான் ஜவாப்தாரிகள். வருஷம் முழுவதும் மார்க்கு, மார்க்கு என்று விரட்டி, இரவு பகல் தூங்கவிடாமல், பக்கத்துப் பையனை முந்து முந்து என்று ஓட வைக்கின்றோமே, அந்தப் பிள்ளை எந்தச் சந்தில் எவன் முனகினால் நின்று பார்ப்பான்? ஹாஸ்டலில் மேல்வகுப்புக்காரன் புதுப் பையனை மண்டியிடச் சொல்லும்போது, "கூடாது" என்கின்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு எங்கே பழக்கம்? வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் கன்னத்தில் அல்லவா அறைந்திருக்கின்றோம்! பெண்ணோ, அந்த வார்த்தை ஒன்று இருக்கின்றதென்பதையே அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கின்றோம்.

ஆகையால் தகப்பன்மாரைக் கேட்டுக்கொள்வது இதுதான். விடுமுறைக்கு வந்த பிள்ளை, ஏன் இந்தத் திவசம், ஏன் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது, தங்கையை ஏன் மேலே படிக்க வைக்கவில்லை என்று கேட்டால், காரணம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இல்லையென்று சொல்லுங்கள். அவன் சொல்லுவது தப்பாயிருந்தால் தப்பென்று காட்டி வாதாடுங்கள். தோற்றுப் போனாலும் குடி முழுகிவிடாது.

நமக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது. தலைவர் அவர்கள் கேள்விகளுக்கு இடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கின்றார்கள். பின்னால் நின்றுகொண்டிருக்கும் காலேஜ் வாலிபர்களும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளும் முதலில் கேட்கட்டும். நாம் சொன்னதில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே கேட்கட்டும்.